நூலகர்களுக்குப் பயிற்சி வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: அன்றைக்கு முகப்பில் யார் உட்கார்வது?

டீச்சர், மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி வள மையம் பார்க்கிற ஆசிரியர்கள், பொது நூலகத்தில் வேலை செய்கிறவர்கள், கோயில் மண்டபத்திலும் தோட்டத்திலும் சிறு நூலகம் நடத்துகிற தொண்டர்கள் என்று 14 பேர் இருக்கிறார்கள். உங்கள் சங்கத்திடம் 5,000 வெள்ளி இருக்கிறது. போர்ட்டிக்சனில் ஹோட்டல் எடுத்து இரண்டு நாள் கருத்தரங்கு வைப்பதா, இயங்கலையில் வாரம் ஓர் உரை வைப்பதா, நூலகர்கள் எதை விரும்புவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம் என்பேன். நான் பொது நூலகத் துறையில் வேலை பார்த்தவன், பயிற்சிக்குப் போயிருக்கிறேன், பயிற்சி கொடுத்தும் இருக்கிறேன். சிறு பட்டணத்து நூலகர்களிடம் எப்படிப் படிக்கப் பிடிக்கும் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். பக்கத்திலேயே இருக்க வேண்டும், அரை நாளில் முடிய வேண்டும், என் கையால் செய்து பார்க்க வேண்டும், போன பிறகு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்க வேண்டும். யார் பேசுகிறார், எந்த ஊரிலிருந்து வருகிறார் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இன்னொன்றும் உண்டு, ஆனால் அதை அவர்களாக வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் வெளியே போனால் முகப்பில் யார் உட்கார்வது? பெரிய நகரத்து நூலகத்தில் இந்தக் கவலை இல்லை, ஒருவர் குர்சுஸ் (பயிற்சி) போனால் இன்னொருவர் வந்து உட்கார்வார். தோட்டப் பட்டணத்து நூலகத்தில் இருப்பதே ஒருவரோ இருவரோதான். ஒருவர் போனால் மற்றவர் சாப்பிடக்கூட எழுந்து போக முடியாது, ஒருவர்தான் என்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான். பள்ளி விட்டு பஸ் வரும் வரை நூலகத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் அன்றைக்கு ஐந்தடி நடைபாதையில் நிற்பார்கள். இது அந்த நூலகருக்குத் தெரியும், அதனால்தான் நீங்கள் தேதி சொல்லிக் கூப்பிட்டால் 'பார்க்கிறேன்' என்று இழுக்கிறார். ஏற்பாடு செய்கிறவர்கள் அதை ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆர்வம் இருக்கிறது, விட்டுவிட்டு வரத்தான் வழியில்லை.

தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். பகாவிலிருந்து கோலப்பிலா வழியாக புக்கிட் பூத்துஸ் ஏறி இறங்கி சிரம்பான் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் சொந்தக் காடி (கார்) இருந்தால். தோட்டத்துக்கு உள்ளே இருந்து வருகிறவருக்கு இன்னும் கூடும். எட்டரைக்கு வகுப்பு என்றால் ஏழு மணிக்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும், அதற்கு முன் பிள்ளைகளை எழுப்பி, பசியாற வைத்து, பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்து முடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. அரசாங்க ஊழியருக்குப் பயணச் செலவு கோர வழி இருக்கிறது, கோயில் நூலகம் பார்க்கிற ஓய்வு பெற்ற கிராணிக்கு யார் தருவார்? போர்ட்டிக்சன் என்றால் சிரம்பானையும் தாண்டி இன்னும் போக வேண்டும், இரவு தங்க வேண்டும். உங்கள் 14 பேரில் பெரும்பாலோர் பெண்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாள் வீட்டை விட்டுத் தங்கி வர எத்தனை பேரால் முடியும் என்று அவர்களைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், கூட்டத்தில் கேட்காதீர்கள், கூட்டத்தில் எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும். அனைத்துலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா, நூலகர்களின் தொடர்கல்வி பற்றி 2016-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி ஒன்று இருக்கிறது. நூலகத்தின் வரவு செலவில் 0.5 முதல் 1 சதவீதம் ஊழியர் வளர்ச்சிக்கு ஒதுக்க வேண்டும், வேலை நேரத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் கற்றுக்கொள்ள விட வேண்டும் என்று அது சொல்கிறது. வாரம் 40 மணி நேரம் வேலை என்றால் 10 சதவீதம் 4 மணி நேரம், அதாவது வாரம் ஓர் அரை நாள். நம் நாட்டில் அரசாங்க ஊழியருக்கு 2005-இல் வந்த சேவைச் சுற்றறிக்கை ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி என்று வைத்தது. ஆண்டில் ஏறக்குறைய 240 வேலை நாள் என்று பிடித்தால் 7 நாள் 3 சதவீதத்தைக்கூடத் தொடாது. 7 நாள் குறைவு என்று சண்டை போட இதைச் சொல்லவில்லை. இஃப்லா சொல்வதன் உள்ளே இருக்கிற எண்ணத்தைப் பாருங்கள், கற்பது வேலையின் ஒரு பகுதி, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டியது என்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஹோட்டலில் மொத்தமாகக் கொட்டினால் தங்காது. அரை நாள் வேண்டும் என்று நம் ஊர் நூலகர் கேட்பதை இந்த வழிகாட்டியைப் படிக்காமலேயே கேட்கிறார், சரியாகத்தான் கேட்கிறார்.

மலேசியாவில் நூலகராக இருக்க உரிமம் எதுவும் தேவையில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். பிலிப்பைன்ஸில் சட்டப்படி தேர்வு எழுதி உரிமம் வாங்கித்தான் நூலகராக முடியும், அந்த உரிமத்தைத் தொடர்கல்வியோடு கட்டிப்போட 2016-இல் தனிச் சட்டமே வந்தது. அங்கே பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தொடர்கல்விப் புள்ளிக்காக வருவார்கள். இங்கே, அதுவும் உங்கள் குழுவில் பாதிப் பேர் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்கிறபோது, பிடித்தால்தான் வருவார்கள். அதனால் அவர்கள் விருப்பத்தைக் கேட்பது வெறும் மரியாதைக்காக இல்லை, உங்கள் திட்டம் நிற்பதும் விழுவதும் அதில்தான்.

சரி, 14 பேரும் ஒரே மாதிரியா என்றால் இல்லை. பொது நூலகத்தில் இருக்கிற உதவியாளருக்குத் தலைமையகத்திலிருந்து பயிற்சி ஏற்கனவே வருகிறது, எல்லாம் மலாயில், பெரும்பாலும் கணினி முறைமை பற்றியோ வாசிப்பு இயக்கம் பற்றியோ இருக்கும். அவருக்கு எங்கேயும் கிடைக்காதது தமிழ் நூல்களைக் கையாளும் பயிற்சி. ஆசிரியருக்கு வேறு பாடு, வகுப்புப் பாடவேளை முழுவதையும் எடுத்துக்கொண்டு அதற்கு மேல் வள மையத்தையும் பார்க்கிறார், லாடாப் (பள்ளி உள்பயிற்சி), மாவட்டக் கல்வி இலாகாவின் தக்லிமாட் (விளக்கக் கூட்டம்) என்று அவருக்குப் பயிற்சியே சலித்துப் போயிருக்கும். 1990களின் இறுதியில் தொடங்கிய நிலாம் வாசிப்புத் திட்டம் இப்போது இயங்கலைப் பதிவாக மாறிவிட்டது, அந்தப் பதிவு வேலையைச் சீக்கிரம் முடிக்க வழி சொல்லுங்கள் என்பார், வேறு எதையும் கேட்கவே அவருக்கு நேரமில்லை. கோயில் மண்டபத்துத் தொண்டருக்கு அடிப்படையே வேண்டும், எதை வைப்பது, எதைக் கழிப்பது, இரவல் போன புத்தகத்தை எப்படித் திருப்பி வாங்குவது. மூன்று பேரையும் ஒரே மண்டபத்தில் ஒரே உரைக்கு உட்கார வைத்தால் எந்த நேரத்திலும் மூன்றில் இரண்டு பேர் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல.

ஆனால் மூவரும் சேர்ந்து உட்கார வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது, உங்கள் பணத்தில் பெரும்பங்கை அதில் போடச் சொல்வேன். தமிழ் நூல்களை வகைப்படுத்துவதும் பட்டியலிடுவதும்தான் அது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எந்தத் திறமையை எந்த விதத்தில் கற்க வேண்டும் என்பது இதில் நன்றாகத் தெரியும்.

சிறு நூலகங்களில் தமிழ்ப் புத்தகம் என்றாலே ஓர் அலமாரி. சமையல், சித்த மருத்துவம், தேவாரம், நாவல், கணினி எல்லாம் ஒன்றாக நிற்கும், முதுகில் 'பஹாசா தமிழ்' என்று ஒரு சீட்டு. நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கிற டூயி தசம முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, அதில் கவிதை 894.8111, புனைகதை 894.8113. தமிழ்மொழி பற்றிய நூலுக்கு 494.811. சமையல் எந்த மொழியில் இருந்தாலும் 641.5, இந்து சமயம் 294.5. இதைப் பலகையில் எழுதிக் காட்ட பத்து நிமிஷம் போதும், எல்லாரும் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போய் முதல் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் குழம்பிவிடும். தோட்ட வாழ்க்கை பற்றிய கட்டுரைத் தொகுப்பு இலக்கியமா வரலாறா? திருமுறைக்கு உரை எழுதிய நூல் சமயமா கவிதையா? இதற்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து, முன்னுரையைப் படித்து, உங்கள் நூலகத்தில் இதைத் தேடி வருகிறவர் யார் என்று கேட்டு முடிவு செய்யத்தான் பழக வேண்டும். பால்மரம் சீவக் கற்றவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து கற்கவில்லை, நிரையில் மூத்தவர் பக்கத்தில் நின்று, கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று கை பார்த்துக் கற்றார்கள். இதுவும் அப்படித்தான்.

அடுத்தது பேர். மலேசியத் தமிழ் எழுத்தாளர் பேரில் 'த/பெ' (தந்தை பெயர்) வரும், முதலெழுத்து வரும், புனைபேர் வரும், ஊர்ப்பேர் ஒட்டிக்கொண்டு வரும். மேல்நாட்டு வழக்கப்படி கடைசிச் சொல்லைக் குடும்பப் பேராக எடுத்து முன்னால் போட்டால் அப்பா பேரில் புத்தகம் பதிவாகிவிடும். தமிழ்ப் பேரில் சொந்தப் பேர்தான் பட்டியலில் முதலில் வர வேண்டும். இந்த ஒன்றைத் தெரியாமல் ஒரே எழுத்தாளர் மூன்று இடத்தில் மூன்று ஆளாக நிற்கிற பட்டியல்கள் நிறைய. அப்புறம் எழுத்து. நூலகங்கள் நெடுங்காலம் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில்தான் பதிந்தன, அதற்கு ஏஎல்ஏ-எல்சி என்கிற முறை இருக்கிறது, ழ, ள, ற, ன ஆகியவற்றைப் பிரித்துக் காட்டக் கீழே புள்ளியும் கோடும் போடுவார்கள். அதைக் கற்காதவர்கள் மலாய் எழுத்துக்கூட்டலிலோ காதில் விழுந்தபடியோ தட்டிவிடுவதால் தேடுகிறவருக்கு அகப்படாது. நூல் விவரங்களைக் கணினியில் பதிகிற மார்க் 21 வடிவத்தில் 880 என்ற புலம் இருக்கிறது, அதில் தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே போடலாம், யூனிகோட் ஏற்கிற எந்த முறைமையும் அதைக் காட்டும். இது பலருக்குத் தெரியாது, தெரிந்தாலும் விசைப்பலகையில் தமிழ் தட்டப் பழக்கமில்லை. முரசு அஞ்சல் என்ற தமிழ் தட்டும் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர், 1999-இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைமுறை பரவியது, இன்றைக்குக் கைப்பேசியில் எல்லாரும் தமிழில் தட்டுகிறார்கள், ஆனால் நூலகக் கணினியில் மட்டும் தமிழ் வராது என்று நினைக்கிறவர்களை நான் இன்னும் சந்திக்கிறேன். முதல் அரை நாளை இதற்கே கொடுங்கள், வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் வேலை செய்கிற திரை மலாயில் இருக்கிறது, நிரப்புகிற படிவமும் மலாயில், கையில் இருக்கிற புத்தகம் தமிழில், பட்டியல் விதிகள் ஆங்கிலத்தில். நல்ல தமிழில் கலைச்சொல் எல்லாம் போட்டு ஒருவர் பேசினால் கேட்க இனிமையாக இருக்கும், திரைக்கு முன் உட்கார்ந்தால் எந்தப் பொத்தான் என்று தெரியாது. தமிழில் விளக்கி, திரையில் இருக்கிற மலாய்ச் சொல்லை அப்படியே சொல்லிக் காட்டுகிற ஆளைப் பிடியுங்கள். அப்படிப்பட்டவர் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ்ப் பகுதியைப் பட்டியலிட்டுக் கைபழகிய ஒருவர் போதும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது, அங்கே தமிழ் நூல்கள் நிறைய, அவற்றைக் கையாண்டவர்கள் இருக்கிறார்கள். கடிதம் எழுதிக் கேளுங்கள்.

இனி இயங்கலை. நான் அதற்கு எதிரி அல்ல. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகு நூலகங்கள் மூடிக் கிடந்த மாதங்களில் நூலகர்களுக்குப் படிக்கக் கிடைத்ததெல்லாம் இயங்கலையில்தான், வீட்டிலிருந்தே கேட்க முடிந்தது. ஆனால் நூலகம் திறந்ததும் நிலைமை மாறிவிட்டது. காலை பத்து மணிக்கு உரை என்றால் அது நூலகம் திறந்திருக்கிற நேரம், கேமராவை அணைத்துவிட்டு ஒரு காதில் உரை, மறு காதில் பிள்ளைகளின் கேள்வி என்று அவர் புத்தகம் பதிந்துகொண்டிருப்பார். வருகைப் பதிவில் பேர் இருக்கும், மனத்தில் ஒன்றும் இருக்காது. இயங்கலையில் நூலகர்கள் உண்மையில் பயன்படுத்துவது எது என்றால், பதிவு செய்து வைத்த சின்னக் காணொளி. பத்து நிமிஷத்துக்கு ஒரு விஷயம், இரவில் வீட்டு வேலை முடிந்த பிறகு பார்க்கலாம், வேலை நடுவில் மறந்துபோனதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். உங்கள் அரை நாள் வகுப்பு நடக்கும்போதே யாராவது ஒருவர் திரையைப் படம் எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி வைத்தால் அதுவே உங்கள் இயங்கலைப் பயிற்சி. இணைப்பு சரியில்லாத தோட்டத்துக்காரர்கள் பக்கத்தில் உள்ள நாடி என்கிற பொது இணைய மையத்துக்கு, முன்பு பெடி என்று சொல்வோமே, அங்கே போய் இறக்கிக்கொள்ளலாம்.

கொள்கை, சட்டம், பொது அறிவு போன்றவற்றுக்கு இயங்கலை தாராளமாகப் போதும். அரசாங்க ஊழியர்களுக்கு அரசாங்கப் பயிற்சிக் கழகமான இந்தானின் இபிஎஸ்ஏ என்ற இயங்கலைப் பாடத்தளம் இருக்கிறது. ஆங்கிலம் வருமென்றால் நூலகங்களின் கூட்டுறவு அமைப்பான ஓசிஎல்சி நடத்துகிற வெப்ஜங்ஷன் இணையதளத்தில் நூலக வேலை பற்றிய பாடங்கள் இலவசமாகக் கிடைக்கும், சிறு நூலகங்களை மனத்தில் வைத்துத் தொடங்கியது அது, குழந்தைகள் பிரிவு, பழைய நூல்களைக் கழித்தல், முகப்பில் கோபமாக வருகிறவரிடம் பேசுவது என்று நன்றாகவே செய்திருக்கிறார்கள். உங்கள் குழுவில் ஆங்கிலம் நன்றாக வருகிற ஆசிரியர் ஒருவர் அதில் ஒரு பாடத்தை முடித்துவிட்டு மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னால் இரண்டு பேருக்கும் லாபம்.

கற்றுக்கொள்ளும் விதம் பற்றிப் பேசும்போது நூலகவியல் முன்னோடியான சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதனைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தபோது அவர் கணித ஆசிரியர், நூலகப் படிப்பு எதுவும் படித்திருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் லண்டன் போய்ப் படித்தார், அங்கேயும் வகுப்போடு நிற்காமல் நூலகம் நூலகமாகப் போய் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தார். திரும்பி வந்ததும் 1928-இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் 1929-இல் நூலகர்களுக்கு ஒரு கோடைக்காலப் பள்ளி நடத்தினார். விடுமுறைக் காலத்தில், வேலையில் இருக்கிறவர்களால் வர முடிகிற நேரத்தில். உலகம் முழுக்க நூலகப் படிப்பில் பேர் சொல்லப்படுகிற ஒருவர் தன் தொழிலை வேலையில் சேர்ந்த பிறகு கற்றவர் என்பதை உங்கள் தொண்டர்களிடம் சொல்லுங்கள். நூலகப் பட்டம் இல்லை என்று கூச்சப்படுகிறவர்கள் அவர்களில் இருப்பார்கள்.

அரங்கநாதன் செய்த அந்த இரண்டாவது காரியம், போய்ப் பார்ப்பது, நம் நூலகர்களுக்கும் மிகவும் பிடித்தது. லாவாத்தான், அதாவது பார்வையிடப் போவது, என்றால் உடனே பேர் கொடுப்பார்கள். அதைச் சுற்றுலா என்று ஒதுக்காதீர்கள், ஆனால் ஒரு வேலையோடு அனுப்புங்கள். 14 பேரையும் பேருந்தில் ஏற்றிக் கோலாலம்பூர் தேசிய நூலகத்தைச் சுற்றிக் காட்டினால் படம் எடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். இரண்டு பேராக அனுப்புங்கள், சிரம்பான் மாநில நூலகத்திலோ வேறு ஒரு பட்டணத்துக் கிளையிலோ அரை நாள், ஒருவருடைய மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்துவிட்டு வரட்டும். போகிறவர் தன் நூலகத்தில் தீராத ஒரு சிக்கலை எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 2018 ஆகஸ்டில் இஃப்லாவின் உலக மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது, அப்படிப்பட்ட பெரிய கூட்டங்கள் மனத்தை விரிக்கும், நான் குறைத்துச் சொல்லவில்லை. மறுநாள் அலமாரிக்கு முன் நிற்கும்போது கை அறிய வேண்டியதை இன்னொரு சிறு நூலகத்தின் மேசைதான் கற்றுக்கொடுக்கும்.

சான்றிதழ் விஷயத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள், சிஜிலுக்காகவா வருவது என்று. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அரசாங்க ஊழியருக்கும் ஆசிரியருக்கும் அந்த ஆண்டுப் பயிற்சிக் கணக்கில் ஏறாத வகுப்பு என்றால் விடுப்பு எடுத்து வர வேண்டியிருக்கும், சொந்த விடுப்பில் வா என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் உரிமையில்லை. அதனால் முன்கூட்டியே மாநில நூலகத்துக்கும் மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் கடிதம் எழுதி, முடிந்தால் அவர்களையும் சேர்ந்து நடத்துகிறவர்களாகப் போட்டு, வகுப்பை அவர்கள் கணக்கில் ஏற்றும்படி கேளுங்கள். அவர்கள் கையெழுத்து இருந்தால் மேலதிகாரி விடுவார். தொண்டர்களுக்கும் ஒரு சான்றிதழ் கொடுங்கள், எத்தனை மணி நேரம், என்ன கற்றார் என்று தெளிவாக எழுதி. காலமெல்லாம் சும்மா உழைத்தவருக்கு அது பெரிது.

இப்போது 5,000 வெள்ளி. ஆறு அரை நாள் வகுப்புகள், மாதம் ஒன்று, ஒவ்வொன்றும் வேறு வேறு நூலகத்தில். மாற்றி மாற்றி நடத்தினால் எல்லாருக்கும் ஒரு முறையாவது பக்கத்தில் அமையும், அந்தந்த நூலகத்தின் அலமாரியே பாடப்புத்தகம் ஆகிவிடும். இடத்துக்கு வாடகை இல்லை. கற்றுக்கொடுக்க வருகிறவருக்குப் பயணச் செலவும் மரியாதைத் தொகையும், வருகிறவர்களுக்குப் பெட்ரோல் காசும், நாசி லெமாக்கும் கோப்பியும், இவ்வளவுதான் செலவு. மீதியை முகப்பில் உட்கார்வதற்கு ஆள் வைக்கச் செலவிடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி, அரை நாளுக்கு அதில் பாதி. பள்ளியில் படிவம் ஆறு முடித்துத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள், இரண்டு பேருக்குப் புத்தகம் வாங்க, கொடுக்க, பதியப் பழக்கிவிட்டால் கோயில் நூலகமும் தோட்டத்து நூலகமும் அன்றைக்குத் திறந்தே இருக்கும். அரசாங்க நூலகத்தில் வெளியாளை உட்கார வைக்க முடியாது, அதற்கு அவர்கள் மூடியிருக்கிற நாளையோ, மாநிலத் தலைமையகம் ஒருவரை அனுப்பக்கூடிய நாளையோ பார்த்துத் தேதி வைக்க வேண்டும். அந்தக் கோரிக்கையையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

ஆறு வகுப்பில் முதல் மூன்றும் தமிழ் நூல்கள் பற்றியே இருக்கட்டும், ஒரே விஷயத்தைத் திரும்பவும் தொட்டால்தான் நிலைக்கும். ஒவ்வொருவரும் தன் நூலகத்திலிருந்து பத்துப் புத்தகம் கொண்டு வர வேண்டும், அடுத்த வகுப்புக்குள் இன்னும் கொஞ்சம் முடித்துக்கொண்டு வர வேண்டும். கோயில் நூலகத்துக்குக் கோஹா போன்ற முறைமையைச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். நியூசிலாந்தில் ஒரு சிறு வட்டார நூலகத்துக்காகச் செய்து 2000 முதல் உலகம் முழுக்கப் பரவிய அருமையான இலவச மென்பொருள்தான், ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். சில நூறு புத்தகத்துக்கு ஒழுங்காக நிரல் போட்ட ஓர் எக்செல் ஏடு போதும், தலைப்பு, ஆசிரியர், எண் மூன்றையும் தமிழில் சரியாகப் போட்டிருந்தால் பிற்பாடு எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

மற்ற மூன்றில் ஒன்றை வாசகர் கேட்கிற கேள்விகளுக்கு வையுங்கள். தோட்டப் பட்டணத்தில் நூலகரிடம் வந்து கேட்பது பாதி புத்தகமே இல்லை, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) படிவம், இபிஎஃப் (சேமநிதி) கணக்கு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி உண்மையா மோசடியா. எதுவரை உதவலாம், எந்த இடத்தில் கையெடுத்துவிட்டு உரிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதைப் பேசித் தெளிந்தால் பெரிய பாரம் இறங்கும். கடவுச்சொல்லை நூலகரே வாங்கித் தட்டுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள், ஆபத்து அவர்களுக்கே. இன்னொன்றில் இணையத்தில் இருக்கிற தமிழ் நூல் சேமிப்புகள், இலங்கை நூல்களுக்கு நூலகம் திட்டம், தமிழக அரசின் தமிழ் மின்னூலகம், 2015-இல் சிங்கப்பூர் வெளியிட்ட தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பு. கடைசி வகுப்பின் தலைப்பை இப்போது முடிவு செய்யாதீர்கள், ஐந்து வகுப்புக்குப் பிறகு அவர்களே சொல்வார்கள்.

வகுப்புகளுக்கு நடுவில் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு வேண்டும், ஆனால் அதில் காலை வணக்கப் படமும் பண்டிகை வாழ்த்தும் வரக்கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள். புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு 'இதுக்கு என்ன நம்பர்?' என்று கேட்டால் அன்றைக்குள் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்று பேர் குறித்து, அவருக்கும் உங்கள் தொகையிலிருந்து கொஞ்சம் கொடுங்கள். பயிற்சி முடிந்து வீடு போனதும் தனியாக விடப்படுவதுதான் நூலகர்களின் பெரிய குறை, வகுப்பில் கற்றது இரண்டு வாரத்தில் மங்கிப் பழையபடியே செய்யத் தொடங்குவது அதனால்தான்.

தேதிகளில் தைப்பூசத்தை ஒட்டிய வாரம், தீபாவளி மாதம், பள்ளித் தேர்வுக் காலம் வேண்டாம். பொது நூலகத்தின் மலாய்க்கார ஊழியர்களும் வருவதாக இருந்தால், கட்டாயம் கூப்பிடுங்கள், தமிழ் அலமாரியைப் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை அவர்களுடையது, நோன்பு மாதத்தையும் விட்டுவிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர் தமிழ் நூலை எப்படி அடையாளம் கண்டு சரியான இடத்தில் திரும்ப வைப்பது என்பதற்கு முதுகுச் சீட்டில் எண் இருந்தாலே போதும், அதனால்தான் எண் போடுவதற்கு இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

உங்கள் 14 பேர் பட்டியலில் நடமாடும் நூலக வண்டியின் ஓட்டுநர் இல்லை, கவனித்தேன். தோட்டத்துக்குள் போகிறபோது பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அவர்தான். அவரையும் சேர்த்து 15 பேர் என்று எழுதி, இரண்டு கடிதங்களையும் இந்த வாரமே அனுப்புங்கள், இலாகாவிலிருந்து பதில் வர மாதங்கள் ஆகலாம். வகைப்படுத்தல் வகுப்புக்கு நான் வருகிறேன், கோலப்பிலா பாதை எனக்குப் பழக்கம்தான்.